அதே வகுப்பில் இன்னொரு வருஷமா, நேரே காலேஜா? பந்தாடும் பிள்ளைகளின் வயசுக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் பள்ளி திறக்கிற நேரத்தில் பி.டி. சாரைத் தேடிப் போய்க் கேட்கிற பெற்றோர் உண்டு: "சாரே, பய நல்லா ஆடுவான், ஆளுதான் சின்னது. ஒரு வருஷம் அதே கிளாஸ்ல இருத்துனா என்ன?" இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன பிறகு, இந்தக் கரையில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதனால் கேள்வியில் தப்பில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால், இருத்துவதில் கிடைப்பது கொஞ்சம், போவது அதிகம்.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே பள்ளி அணி வகுப்பை ஒட்டி அமைகிறது. கல்லூரிப் பயிற்சியாளர்களும் பையன் எந்த வருஷம் பள்ளி முடிக்கிறான் என்று பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் தன் வகுப்புக்காரர்களைவிட ஒரு வயசு மூத்தவனாக, உயரமாக, கனமாக நிற்பான். 'ரீகிளாஸ்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தலைகீழாகப் போனவர்களும் உண்டு. கூடைப்பந்து வீரர் கூப்பர் ஃபிளாக் ஒரு வருஷம் முன்னதாகவே பள்ளியை முடித்து டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2025-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை எடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

நம் ஊரில் அடிப்படையே வேறு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போகிற பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற மூன்று பிரிவுகளும் பிறந்த தேதியை வைத்துத்தான். வகுப்பை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது. அதை மாற்ற நினைப்பது மோசடி. அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 2010 ஜூனில் பிறந்தவன். ஜூலை 31-க்குள் 5 வயசு நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு என்ற தமிழ்நாட்டுக் கணக்கில் 2015-ல் சேர்ந்திருப்பான். 2026-27-ல் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வருஷம்கூட அவன் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் வருகிறான். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு அவன் வயசு வருகிறபோது பள்ளியை விட்டு வெளியே போயிருப்பான். அந்தப் பிரிவில் ஆட வயசு மட்டும் போதாது, பள்ளி மாணவனாகவும் இருக்க வேண்டும்.

இப்போது ஒன்பதிலோ பதினொன்றிலோ ஒரு வருஷம் இருத்துகிறோம். 17 பிரிவில் ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்காது. கிடைப்பது 19 பிரிவில் ஒரே ஒரு சீசன். அதிலும் எதிரே நிற்பவர்கள் 2009 ஜனவரியிலிருந்து பிறந்தவர்கள், அதாவது நம் பையனைவிட ஒன்றரை வயசு வரை மூத்தவர்கள். ஆளு சின்னது என்றுதானே இருத்தினோம்? அந்தக் குறை அப்படியேதான் நிற்கிறது.

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பிள்ளையை நிறுத்துவதே கிடையாது. ஆக இதைச் செய்ய முடிகிற வயசு பதினாலுக்கு மேல், பிள்ளைக்கு ரோஷம் ஏறுகிற வயசு. சேக்காளிகள் அடுத்த வகுப்புக்குப் போய்விட, நேற்றுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவர்களோடு அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். இந்தக் கரையில் இன்னொன்றும் இருக்கிறது. படிப்பில் மனசு விட்ட பையனுக்கு ஆழ்கடல் படகில் எப்போதும் ஓர் இடம் காத்திருக்கிறது. ஒரு தடவை கடலுக்குப் போய்ப் பங்கு வாங்கிவிட்டவன் பள்ளிக்குத் திரும்புவது லேசில்லை. எனக்கு இதுதான் பெரிய பயம்.

காலேஜ் வழியைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 25 வயசு வரை ஆடலாம். பதினேழில் தூத்தூர் புனித யூதா கல்லூரியிலோ நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ சேர்கிற பையனுக்கு டிகிரி மூன்று வருஷம், மேலே படித்தால் இன்னும் இரண்டு. அணியில் இடம் பிடித்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு, அப்புறம் தென்மண்டலப் போட்டி. முதல் வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டி வரலாம்தான். இருபத்திரண்டு வயசுத் தடுப்பாட்டக்காரன் தோளால் ஒரு இடி இடித்தால் பதினேழு வயசுப் பையன் கோட்டுக்கு வெளியே போய் விழுவான். ஆனாலும் ஒரு சீசனுக்கு எதிராக ஐந்து சீசன். கூடவே கையில் ஒரு டிகிரி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கிற 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு நிற்கிறபோது அந்தப் படிப்பு வேண்டும்.

தொடக்கத்திலேயே ஒரு வருஷம் தாமதமாகச் சேர்ப்பது மூன்றாவது வழி. இது யாருக்கும் வலிக்காது. பன்னிரண்டு முடிக்கும்போது 17 பிரிவு கடந்து 19-ல் ஒரு சீசன் தானாகவே வந்துவிடும். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயசு நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பதால் அங்கே படிக்கிறவர்களுக்கு இது ஏற்கெனவே நடக்கிறது. ஆனால் ஐந்து வயசில் எந்தப் பிள்ளை பந்தாடும் என்று யாருக்குத் தெரியும்? பந்துக்காக மட்டும் இதைச் செய்வதில் அர்த்தமில்லை.

ஆள் சின்னதாக இருப்பது உண்மையான சிக்கல்தான். வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் தேர்வாகிறார்கள் என்பதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கியை வைத்து ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லேயே காட்டினார். டிசம்பரில் பிறந்தவனுக்குத் திறமை குறைவில்லை, மாதங்கள்தான் குறைவு. இங்கிலாந்து அகாடமிகள் சிலவற்றில் இதற்காக வயசுக்குப் பதில் உடல் வளர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊர் மணலில் சாயங்காலம் பெரியவர்களோடு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடுகிற சின்னப் பையனுக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது. இடிபடாமல் இருக்க ஒரே தொடுதலில் பந்தைத் தட்டிவிடப் பழகுகிறான். பதினாறு, பதினேழில் உடம்பு வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவனோடு இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இருத்துவது இன்னும் வீண். பெரும்பாலோருக்குப் பதினைந்துக்குள் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும்.

இருத்தலாம் என்று நான் சொல்வது ஒரே சூழலில்தான். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனால் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அந்த நேரத்தில் பாதி வருஷம் வகுப்புக்கே போக முடியாத பிள்ளை பதினொன்றை மறுபடி படிக்கட்டும், அதுவும் அந்தப் பிள்ளையே கேட்டால்.