தேர்தல் நேரத்தில் முதலீடு: மொத்தமாகவா, எஸ்டிபி வழியாகவா?

மனை விற்ற பணமோ போனஸோ கையில் இருக்கிறது, தேர்தலும் நெருங்குகிறது. பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில் ஒரேயடியாகப் போடுவதா, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் வைத்து எஸ்டிபி (சிஸ்டமேட்டிக் டிரான்ஸ்ஃபர் பிளான்) மூலம் மாதாமாதம் ஈக்விட்டிக்கு மாற்றுவதா?

வாங்கும் விலை
மொத்தமாக: போடும் நாளைப் பொறுத்தது. 2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பி சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ண எண்ண, 4,390 புள்ளி இறங்கி முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், 7ஆம் தேதியே 3ஆம் தேதி அளவைத் தாண்டிவிட்டது.
எஸ்டிபி: சராசரி விலை கிடைக்கும். ஆனால் 2009 மே 18 போல ஒரே நாளில் 17 சதவீதம் எகிறினால், பெரும்பாலான பணம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

வரி
மொத்தமாக: இப்போதைக்குத் தொல்லையில்லை.
எஸ்டிபி: ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்றதாகவே கணக்கு, லாபத்துக்கு வரி உண்டு.

தூக்கம்
எஸ்டிபிதான், பேச்சே வேண்டாம்.

பத்து வருடம் தொடாத பணமா? மொத்தமாகவே போடலாம். சந்தைக்குப் புதியவர் என்றால் ஆறு மாத எஸ்டிபி. அடுத்த வருடம் கல்யாணச் செலவு இருக்கிறதா? இரண்டுமே வேண்டாம், வங்கி எஃப்டி போதும்.