சாட்ஸ்வொர்த்தில் ஒன்பது சனிக்கிழமைகள்: வீட்டுப் பராமரிப்பாளர் பயிற்சி குறித்து

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயில் ஒன்றின் பின்புற மண்டபத்தில், முதியோரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வோருக்காக நடத்தப்படும் பயிற்சியைச் சென்ற மாதம் முடித்தேன். சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் வீதம் ஒன்பது வாரம் நடந்தது. கையேட்டையும் சேர்த்துக் கட்டணம் 1,800 ராண்ட். வாதம் வந்து இடப்பக்கம் பலவீனமான என் அம்மாவுக்கு 84 வயது. பகலில் அவரைக் கவனித்துக்கொள்ளும் ஜூலுப் பெண்மணியும் நானும் சேர்ந்தே பயின்றோம். கழிவு வெளியேற்றம், நடமாட்டம், மீட்புப் பராமரிப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலும் பராமரிப்பாளர் தெரிந்திருக்க வேண்டிய சொற்களைக் கற்பிப்பதே பயிற்சியின் முக்கிய நோக்கம். சொற்களைக் கற்க ஒன்பது வாரமா என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கான விடையை நாங்கள் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு நான்கு நாட்கள் மலம் சரியாகக் கழியவில்லை. ஐந்தாம் நாள் நீராகக் கசிந்தது. அதைப் ‘பேதி’ என்று நான் தாளில் குறித்தேன். அந்த ஒரு சொல்லை நம்பிப் பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்துவிட்டோம். உண்மையில் மலம் இறுகிக் குடலை அடைத்திருந்தது. அந்த அடைப்பைச் சுற்றித்தான் நீர் கசிந்துகொண்டிருந்தது. மாத்திரை நிலைமையை மேலும் மோசமாக்கியது. மூன்றாம் சனிக்கிழமை வகுப்பில் ‘இம்பாக்‌ஷன்’ என்ற சொல்லையும், அதனால் ஏற்படும் கசிவு பேதியைப் போலவே தோன்றும் என்ற எச்சரிக்கையையும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. எத்தனை நாளாகக் கழியவில்லை, எவ்வளவு வந்தது, என்ன நிறம், கெட்டியா நீரா என்று தனித்தனியாக எழுதும் பழக்கம் அன்று தொடங்கியது.

இதில் நம் மொழிக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல் தகுதியான வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கு என்று தமிழ் இலக்கணம் சொல்லும். அதன் மூன்று வகைகளில் முதலாவது, சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல்; மலம் கழித்து வந்தவரைக் ‘கால் கழுவி வந்தார்’ என்பது அதற்கு நெடுங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அம்மாவும் ‘ஒண்ணுக்கு’, ‘ரெண்டுக்கு’, ‘வெளிக்கு’ என்று மட்டுமே சொல்வார். அதையும் ஆண்கள் அறையில் இருந்தால் சொல்ல மாட்டார். மரியாதை கருதிச் சில சொற்களைத் தவிர்க்கும் ஹ்லோனிபா என்னும் வழக்கம் ஜூலு மக்களிடமும் உண்டு. ஆக, அம்மாவைக் ‘கோகோ’ (பாட்டி) என்று பாசத்தோடு அழைக்கும் அந்தப் பெண்மணியும் கேட்கக் கூச்சப்படுவார், அம்மாவும் சொல்லக் கூச்சப்படுவார். இடையில் படுக்கை நனைந்துவிடும். மூன்று வகைகளில் கடைசியான, ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லான குழூஉக்குறிதான் இங்கே கைகொடுக்கிறது. ‘வாய்டிங்’ (சிறுநீர் கழித்தல்), ‘கமோட்’ (கழிப்பு நாற்காலி), ‘அவுட்புட்’ (கழித்த அளவு) போன்ற தொழிற்சொற்கள் யாருடைய வீட்டுப் பேச்சுக்கும் உரியவை அல்ல என்பதால் அவற்றைச் சொல்ல எவருக்கும் நாணம் வருவதில்லை. பயிற்றுநரான, ஓய்வுபெற்ற செவிலி சிஸ்டர் இதை நன்றாக உணர்ந்திருந்தார். தாளில் எழுதத் தொழிற்சொல், அம்மாவிடம் பேச அம்மாவின் சொல் என்று இரண்டையும் பிரித்து வைக்கச் சொன்னார். பெரியவர்கள் அணிவதை ‘நாப்பி’ என்று யாரும் சொல்லக் கூடாது, ‘பிரீஃப்’ என்றே சொல்ல வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு முதலில் மிகையாகத் தெரிந்தது. குழந்தைக்குரிய சொல்லைக் கேட்டபோதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நடமாட்டப் பிரிவு ஒன்பது வாரங்களிலும் மிகச் சிறந்த பகுதி. தமிழில் ‘தூக்கிவிட வேண்டும்’ என்ற ஒரே தொடரில் நாம் அடக்கிவிடும் நிலைகளை இவர்கள் ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: தானே செய்வார்; அருகில் நின்றால் போதும்; ஒருவர் துணை வேண்டும்; இருவர் துணை வேண்டும்; முழுவதும் பிறர்தான் செய்ய வேண்டும். அம்மாவை நாங்கள் கடைசி நிலையில் வைத்திருந்தோம். சிஸ்டர் சொன்னபடி நிதானமாகக் கவனித்தபோது மூன்றாம் நிலை என்று தெரிந்தது. சக்கர நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில் நிறுத்திப் பிரேக்கைப் பூட்டுவது, இடுப்புப் பட்டையை உடையின் மேல் கட்டி உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கீழிருந்து பிடிப்பது, கைத்தடியைப் பலமுள்ள கையில் கொடுப்பது ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, ஒருவரையொருவர் நோயாளியாக வைத்துப் பழகினோம். நாற்காலியிலிருந்து நான் எழுப்பப்பட்ட அன்றுதான், முன்னறிவிப்பின்றிப் பிறர் கை அக்குளில் நுழைந்தால் எப்படி இருக்கும் என்பது புரிந்தது. படுக்கையில் இரண்டு மணிக்கொருமுறை திருப்புதல், பக்கவாட்டில் கிடத்தும் நிலைகள், அழுத்தப் புண்ணின் நான்கு படிநிலைகள் ஆகியவையும் தெளிவாகவே இருந்தன.

மீட்புப் பராமரிப்புக்கு ஒரே ஒரு சனிக்கிழமை ஒதுக்கியிருந்தது எனக்குப் பெருங்குறை. இழந்த திறனை மீட்பதும் இருப்பதைத் தக்கவைப்பதுமே அதன் பொருள் என்றால், மற்ற இரு பிரிவுகளும் அதற்காகத்தானே இருக்கின்றன? உடலின் ஒரு பக்கம் முற்றிலும் செயலிழப்பதையும் பலவீனமாவதையும் ‘ஹெமிப்ளீஜியா’, ‘ஹெமிபரேசிஸ்’ என்று இரு சொற்களால் பிரிக்கிறார்கள். நம் பேச்சில் இரண்டும் பக்கவாதமே. ‘அந்தக் கை போய்விட்டது’ என்று நாங்களே முடிவு கட்டி, அம்மாவின் இடக்கையை மடியில் வைத்து மூடியிருந்தோம். அசைக்காத மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். அதற்குக் ‘கான்ட்ராக்சர்’ என்று பெயர். அதைத் தடுக்கும் மூட்டசைவுப் பயிற்சியில் நோயாளி தானே அசைப்பது ஒரு வகை, மற்றவர் அசைத்துவிடுவது இன்னொரு வகை. வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவையும், சிறுநீர்ப்பை பழக்கத்துக்கான நேர அட்டவணையையும், உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைத்துக் களையும்போது பலமுள்ள கையை முதலில் எடுக்கும் முறையையும் மூன்று மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். வகுப்பில் பலர் குறிப்பெடுக்கவே திணறினார்கள்.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் செவிலி உதவியாளர் தேர்வுக்கான சொற்பட்டியலையே பெரும்பாலும் தழுவியிருக்கிறார்கள். சொற்கள் எங்கும் பொதுவானவை என்பதால் அது தவறில்லை; ஆனால் குடித்த அளவும் கழித்த அளவும் அவுன்ஸில் இருக்கின்றன. ஓர் அவுன்ஸை 30 மில்லிலிட்டராகக் கொண்டு ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. அளவுகளை இந்த நாட்டு வழக்கத்துக்கு மாற்றி அச்சிடுவது ஒரு மாலை வேலைதான். அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் அந்நாட்டு முதியோர் இல்லங்களில் பணிபுரியும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியை வேண்டுகிறது. இங்கே நாங்கள் பெற்றது 27 மணி நேரம். இந்தச் சான்றிதழ் எவரையும் துணைச் செவிலியர் ஆக்காது என்பதையும், அதற்கு 2005ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டத்தின்படி தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற வேண்டும் என்பதையும் முதல் நாளே நடத்துநர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

வீட்டில் ஒரு முதியவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் எவரும், முடிந்தால் பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு, இந்தப் பயிற்சிக்குச் செல்லலாம். தமிழ், ஆங்கிலம், ஜூலு ஆகிய மூன்று மொழிகளிலும் நாங்கள் எழுதி ஒட்டிய சொற்பட்டியலின் படி ஒன்றை மண்டபத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். மீட்புப் பராமரிப்புக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகளைக் கூட்டுவார்களானால், அதற்கெனத் தனிக்கட்டணம் செலுத்தி மறுபடியும் அமர நானும் அம்மாவின் பணிப்பெண்ணும் தயாராக இருக்கிறோம்; அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.