ஜிம்மா, பேலியோவா, வீட்டுச் சோறா? முதன்முறை எடை குறைக்க இறங்குபவருக்கு

போன வாரம் சித்தப்பா மகன் கூப்பிட்டான். உசிலம்பட்டிப் பையன், வயது 22. மதுரையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "அண்ணே, நூத்தி ஒண்ணு வந்துருச்சுண்ணே. திங்கக்கிழமையில இருந்து ஆரம்பிக்கணும். ஜிம்முக்குப் பணம் கட்டவா, பேலியோ போகவா?" என்றான். ஒரு மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு 21 வயதில் 96 கிலோவில் நின்றவன் நான். முதலில் ஜிம், பிறகு சோற்றை விட்டு முட்டை, கறி, கொழுப்பு என்று சாப்பிடும் பேலியோ, கடைசியில் வீட்டுச் சோற்றை அளந்து சாப்பிடுவது என்று மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது 79.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முயற்சி என்றால் வீட்டுச் சோற்றில் தொடங்குங்கள், கூடவே நடை. ஜிம்முக்கு மூன்றாம் மாதத்திலிருந்து போனால் போதும். பேலியோ இப்போது வேண்டாம். நமக்குள் போகும் மிச்சச் சாப்பாடு எந்தத் தட்டிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். அது தெரியாமல் எதைச் செய்து குறைத்தாலும், செய்வதை நிறுத்தியதும் எடை போன வழியே திரும்பி வந்துவிடும். எனக்கு இரண்டு முறை வந்தது.

அதற்கு முன் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ. 172 செ.மீ. உயரத்துக்கு 96 கிலோ என்றால் 32.4. இந்தியர்களுக்கு 23-இல் கூடுதல் எடை, 25-இல் உடல் பருமன் என்று 2009-இல் நம் மருத்துவர்கள் வகுத்தார்கள். உலகப் பொதுக்கணக்கான 25, 30-ஐ விட இது குறைவு. காரணம், அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். பிஎம்ஐயை விட டெய்லர் டேப்பை நான் நம்புகிறேன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.; அதைத் தாண்டினால் இறங்க வேண்டிய நேரம்தான்.

ஜிம்மும் தெப்பக்குளமும்

நான் முதலில் போனது ஜிம்முக்கு. ஆண்டுச் சந்தா 9,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினேன். இரண்டு வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் புரத மாவு டப்பாவை எடுத்து வைத்தார். ஐந்தாவது வாரத்தோடு நான் போவது நின்றது. குறைந்தது 2 கிலோ, பிறகு ஏறியது 3 கிலோ.

அதில் ஜிம்மின் குற்றம் பாதிதான். மீதி கணக்கு எனக்குப் புரியாததால் வந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்கச் செய்துவிட்டு, அகோரப் பசியோடு வெளியே வருவேன். ஒன்பது மணிக்கு மதுரையில் எந்தத் தெருவில் நடந்தாலும் பரோட்டாக் கல் சூடாகத்தான் இருக்கும். ஒரு பரோட்டா அதன் அளவுக்கும் எண்ணெய்க்கும் தக்கபடி 200-லிருந்து 300 கலோரி வரும். சால்னாவும் ஆம்லெட்டும் தனி. மூன்று பரோட்டாவில் அந்த மணி நேர உழைப்பு கரைந்து, மேலே மிச்சமும் சேரும்.

நடைக்கும் இதே கணக்குதான் என்பதை மறைக்கக் கூடாது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். நாலு சுற்று நடக்க ஒரு மணி நேரம் ஆகும். 96 கிலோ ஆளுக்கு அதில் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். ஒரு பெரிய பரோட்டா, அவ்வளவுதான். நடந்து மட்டும் இளைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் ஆரம்பத்துக்கு நடைதான் மேல் என்பேன். ஜிம்மை விட்டபோது எனக்கு எல்லாமே விட்டுப்போனது. நடையில் ஒரு நாள் விட்டால் ஒரு நாள்தான் போகிறது. காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தில் பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சேலையோடு ஷூ போட்ட அம்மாக்கள் என்று கூட்டம் இருக்கும். தொப்பையோடு நடக்கிற இளைஞனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 21 வயதில் எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மேற்கே இருப்பவர்களுக்குத் தெப்பக்குளம் தூரம்தான்; வீட்டருகே தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள எந்தச் சாலையும் போதும். ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கமும் இருக்கிறது. அக்கா தங்கைகளுக்கு இருட்டு விலகிய பிறகு கூட்டமுள்ள இடமே நல்லது.

ஜிம்முக்கு உரிய இடம் வேறு. சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பது எடை தூக்குவது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் நடை போன்ற உழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சொல்கிறது. ஆகவே சாப்பாடு ஒழுங்குக்கு வந்த பிறகு ஜிம்முக்குப் போங்கள், மாதச் சந்தாவில் போங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி கிடைக்கும், சரி. ஆனால் இரண்டாம் மாதம் நாம் வருவோமா என்பது நமக்கே தெரியாது.

பேலியோ

இரண்டாவது முயற்சி பேலியோ. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் வேலை செய்தது. சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் நிறுத்தம். முட்டை, கறி, மீன், வெண்ணெய், காய், காலையில் நூறு பாதாம். முதல் வாரத்திலேயே 3 கிலோ போனது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு தீரும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் பிடித்து வைத்திருந்த சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே போகும். மறுபடி சோறு சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பிவிடும்.

செலவையும் பாருங்கள். நூறு பாதாம் என்றால் ஏறக்குறைய 120 கிராம். மாதம் மூன்றரைக் கிலோவுக்கு மேல். கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும் பாதாமுக்கு மட்டும் 2,900 ரூபாய் பக்கம் ஆகும். முதல் சம்பளம் வாங்கும் பையனுக்கு இது சுமை.

நான் 47 நாள் இருந்தேன், 6 கிலோ குறைந்தது. 48-ஆம் நாள் மாமா வீட்டுக் காதுகுத்து. கிடா விருந்து, பேலியோவுக்கு அதைவிடத் தோதான விருந்து கிடையாது. ஆனால் இலையில் சோறு இல்லாமல் கறிக்குழம்பை மட்டும் ஊற்றச் சொன்னால் அத்தை முகம் வாடியது. "என்னய்யா, நம்ம வீட்டுச் சோறு வேணாமா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டேன். அது தப்பே இல்லை. ஒரு வேளைச் சோற்றில் எல்லாம் உடைந்துவிட்டது என்று நினைத்து மறுநாளிலிருந்து முழுக்க விட்டதுதான் தப்பு. இரண்டே மாதத்தில் 5 கிலோ திரும்ப ஏறியது.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்று அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை வைத்து ஓராண்டு பார்த்தது. 2018-இல் முடிவு வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஆனால் இரண்டு கூட்டத்திலும் நிறையக் குறைந்தவர்களும் இருந்தார்கள், கூடியவர்களும் இருந்தார்கள். எந்த டயட் என்பதைவிட யார் எதை விடாமல் செய்கிறார் என்பதுதான் பெரிது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து, மீதி நேரம் வயிற்றைக் காலியாக விடும் முறையும் இப்போது பலரிடம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு செய்த ஆய்வு 2022-இல் வந்தது. ஒரே அளவு கலோரி சாப்பிடும்போது, நேரக் கட்டுப்பாட்டால் தனியாகப் பெரிய லாபம் இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் நம் ஊருக்கு அதில் ஒரு பாதி பொருந்தும். மதுரையில் இரவுச் சாப்பாடுதான் ஆளைக் கெடுக்கிறது. எட்டரைக்கு மேல் வாய்க்குள் எதுவும் இல்லை என்று ஒரு கோடு போட்டால், பரோட்டா, கறிதோசை, ஜிகர்தண்டா மூன்றும் தானாகவே வாரம் ஒரு முறைக்கு இறங்கும். காலைச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை. நான் அந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுச் சோறு

மூன்றாவது முறை நான் வாங்கியது ஒரு சமையலறைத் தராசு மட்டும்தான். முதல் நாள் மதியம் அம்மாவிடம், எப்போதும் போடுகிற மாதிரியே போடுங்கள் என்றேன். தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அம்மா கரண்டி கரண்டியாகப் போட்ட சோற்றைப் பார்த்தேன். 480 கிராம். சமைத்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. சோறு மட்டுமே 620 கலோரிக்கு மேல் என்பதைப் பார்த்து அம்மாவும் திகைத்துப்போனார்கள். மறுநாளிலிருந்து 250 கிராம். "இம்புட்டுத்தானாய்யா?" என்று ஒரு வாரம் கேட்டார்கள். அந்தக் குறையை நிரப்ப பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு, ஒரு முட்டை. பசியோடு எழுந்த நாள் குறைவு.

அடுத்தது எண்ணெய். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 5 லிட்டர் வாங்குவோம். வகுத்தால் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 38 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. மாதம் மூன்றரை லிட்டரோடு நிறுத்தலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எனக்கு நாளுக்கு 100 கலோரி மிச்சம். அப்பாவின் கொலஸ்ட்ராலுக்கும் நல்லது என்றதும் அம்மா ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் டீ. நாலு டீக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. இரண்டு டீ, இரண்டு ஸ்பூன் என்றாக்கினேன். அங்கே 120.

சோற்றில் 300, எண்ணெயில் 100, டீயில் 120. கூட்டினால் நாளுக்கு 500-க்கு மேல். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பதால், வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரம் அரைக் கிலோ என்பதைத்தான் பாதுகாப்பான வேகம் என்கிறது. நாலு மாதத்தில் கணக்குப்படி 8 கிலோ வந்திருக்க வேண்டும். எனக்கு 7 வந்தது. காதுகுத்து, கல்யாணம், சித்திரைத் திருவிழா எல்லாவற்றுக்கும் போனேன். மறுநாள் தராசு அங்கேயே இருந்தது.

இதன் குறை, வேகம் இல்லை. முதல் மாதம் ஆள் பார்த்துச் சொல்கிற மாதிரி எதுவும் தெரியாது. இன்னொரு குறை, நம் வீட்டுச் சாப்பாட்டில் புரதம் குறைவு. முட்டைக்கு 6 கிராம். சுண்டல், தயிர், மீன் என்று வேண்டுமென்றே சேர்த்தால்தான் போதிய அளவு வரும். அயிரை மீன் குழம்பு வைக்கும் நாளில் மீனை அள்ளிக்கொண்டு சோற்றைக் குறைப்பது எனக்கு எளிதாகவே இருந்தது. விடுதியில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுபவர்களால் எண்ணெயைக் கட்டுப்படுத்த முடியாது. அவர்கள் சோற்றின் அளவையும் இரவுக் கோட்டையும் பிடித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பதில் கரைத்துக் குடிக்கும் ஷேக் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். குடிக்கும் வரை குறையும், தட்டைப் பற்றி எதுவும் கற்றுத்தராது. எடை குறைக்கும் ஊசி வேறு விஷயம். மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. பசியைக் குறைக்கும் உண்மையான மருந்துகள். மருத்துவர் எழுதித்தான் போட வேண்டும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். பருமனோடு சர்க்கரை, மூச்சுத் திணறல் என்று இருப்பவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

எந்த வழியானாலும் தொடங்கும் முன் தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் ஒரு முறை பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்கள் முதலில் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். பட்டினி கிடப்பது அதை இன்னும் மோசமாக்கும். வேகமாக இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு உண்டு. சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, நாள் முழுக்க எடையைப் பற்றியே நினைப்பு ஓடினாலோ, டயட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நேற்று இரவு தம்பி படம் அனுப்பியிருந்தான். புதுத் தராசு, எவர்சில்வர் தட்டு, சோறு. திரையில் 610. "இதுக்கு மேல மறுசோறு வேற வாங்குவேன்ணே" என்று கீழே எழுதியிருந்தான். நாளைக் காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.