சுவிட்ச் போர்ட் விளக்குகள்: கெர்னல் கையிலா, சிப்பின் கையிலா?

கேபிள் சரியா, எதிர்முனையில் இணைப்பு இருக்கிறதா என்பதை ரவுட்டரின் லான் விளக்கைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். அந்த விளக்கு பொய் சொல்லக் கூடாது. ரவுட்டர்களுக்கான, லினக்ஸ் அடிப்படையிலான ஓப்பன்டபிள்யூஆர்டி ஃபார்ம்வேரில் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அதை இயக்க இருக்கும் வழிகளை இந்த அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

பழைய வழி எஸ்டபிள்யூகான்ஃபிக். இது சுவிட்ச் சிப்பை (லான் போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிப்) இயக்கும், ஓப்பன்டபிள்யூஆர்டியின் சொந்தக் கட்டமைப்பு. லினக்ஸ் மூலக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒருபோதும் சேரவில்லை. எந்தப் போர்ட் என்பதை இதில் பிட் மாஸ்க்காக (ஒவ்வொரு பிட்டும் ஒரு போர்ட்டைக் குறிக்கும் எண்) எழுத வேண்டும். சிப்பின் போர்ட் எண்ணும் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் பல ரவுட்டர் பலகைகளில் பொருந்தாது என்பதால் விளக்குகள் இடம் மாறிவிடுவது சகஜம். இணைப்பு நிலையையும் நொடிக்குப் பத்து முறை இது சிப்பிடம் போய்க் கேட்கிறது. ஆனாலும் ஒரு நேர்மை உண்டு: டிரைவர் (சிப்போடு பேசும் மென்பொருள்) ஆதரித்தால், தரவுப் போக்குவரத்துக் கணக்கை சிப்பிடமிருந்தே எடுக்கிறது.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் 21.02 பதிப்பிலிருந்து பல சாதனங்கள், லினக்ஸ் மூலக் கெர்னலிலேயே உள்ள சுவிட்ச் கட்டமைப்பான டிஎஸ்ஏ முறைக்கு மாறின. ஒவ்வொரு போர்ட்டும் லான்1, லான்2 எனத் தனி இடைமுகம் (கெர்னல் பெயரிட்டு அறியும் பிணைய இணைப்பு) ஆனது. 2018இல் 4.16 கெர்னலில் சேர்ந்த நெட்டெவ் டிரிகருக்கு (இடைமுகத்தின் நிலையைப் பார்த்து விளக்கை இயக்கும் கெர்னல் பகுதி) அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். எழுத எளிது, படிக்கவும் எளிது. இணைப்பு வந்ததும் போனதும் அறிவிப்பாகவே வந்து சேர்கிறது. சிக்கல் துடிப்பில்தான், அதாவது தரவு பாயும்போது விளக்கு சிமிட்டுவதில்தான். ஒரு லான் போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாக்கெட்டுகளை சுவிட்ச் தனக்குள்ளேயே கடத்திவிடுகிறது. முதன்மைச் சிப்பில் உள்ள சிபியு அவற்றைப் பார்ப்பதே இல்லை. சிப்பின் கணக்கை டிரைவர் வாங்கித் தராவிட்டால், இரண்டு கணினிகளுக்கு இடையே பெரிய கோப்பு பாயும்போதும் விளக்கு அசையாமல் நிற்கும். இந்த இடத்தில் பழைய எஸ்டபிள்யூகான்ஃபிக்கே மேல்.

இந்தக் குறையைத் தீர்ப்பது 2023இல் 6.5 கெர்னலில் வந்த வன்பொருள் ஒப்படைப்பு. டிரிகர் அதே நெட்டெவ்தான். விளக்கைச் சிமிட்டும் வேலை மட்டும் சுவிட்ச் சிப்புக்குப் போகிறது. குவால்காம் சுவிட்ச் சிப்புகளுக்கான க்யூசிஏ8கே டிரைவர் இதை முதலிலேயே ஆதரித்தது. டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) போர்ட்டின் கீழே விளக்கை அறிவிக்க வேண்டும். சிமிட்டும் இடைவெளி இயல்பான 50 மில்லிநொடியாகவும், கொடுத்த இடைமுகம் விளக்கின் சொந்தப் போர்ட்டாகவும், கேட்ட முறை சிப்புக்குத் தெரிந்ததாகவும் இருந்தால்தான் ஒப்படைப்பு நடக்கும். பாலத்தின் (பல போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் இடைமுகம்) பெயரைக் கொடுத்தால் கெர்னல் பிழை எதுவும் காட்டாமல் மென்பொருள் வழிக்கே திரும்பிவிடும். எனவே விளக்கின் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பகத்தில் 'ஆஃப்லோடட்' கோப்பு 1 என்று காட்டுகிறதா எனக் கட்டாயம் பாருங்கள்.

புதிய பலகைக்கு என் தேர்வு தயக்கமின்றி ஒப்படைப்புதான், ஓப்பன்டபிள்யூஆர்டியின் 24.10 பதிப்பு 6.6 கெர்னலோடு வருவதால் அடித்தளம் தயார். ஆனால் விளக்கின் கம்பி சுவிட்சுக்குப் போகாமல் முதன்மைச் சிப்பின் ஜிபிஐஓவில் (மென்பொருள் நேரடியாக இயக்கும் பொதுப் பின்) இணைந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அங்கே நெட்டெவ்வை வைத்து, இணைப்பை மட்டும் காட்டச் சொல்லி, துடிப்பை அணைத்துவிடுவேன்.