மெத்தட் சங்கிலியும் ரிட்டர்ன் டைப்பும்: பன்னிரண்டு ஆண்டு ஜாவா அனுபவம்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஜாவாவில் நிரல் எழுதி வருகிறேன். ஒரு மெத்தட் (ஆப்ஜெக்ட் எனும் தரவுப் பொருளுக்குரிய செயற்கூறு) தரும் விடையை மாறியில் வாங்கி வைக்காமல், அதன்மேலேயே அடுத்த மெத்தட்டை அழைத்துக் கோத்துக்கொண்டே போகும் சங்கிலி முறையை, வரிகள் குறைகின்றன என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தொடக்கத்தில் விரும்பினேன்.

அந்த விருப்பத்தை முதலில் அசைத்தது எழுத்துத் தொடரைக் குறிக்கும் ஸ்ட்ரிங். அதைக் கட்ட உதவும் ஸ்ட்ரிங்பில்டரில், இறுதியில் எழுத்துகளைச் சேர்க்கும் அப்பெண்ட் மெத்தட், தன் ஆப்ஜெக்டையே மாற்றி அதையே திருப்பித் தருகிறது. ஸ்ட்ரிங்கின் ட்ரிம்மோ மூலத்தைத் தொடாமல், ஓரத்து இடைவெளி நீங்கிய ஸ்ட்ரிங்கை விடையாகத் தருகிறது. இரண்டின் ரிட்டர்ன் டைப்பும், அதாவது திருப்பித் தரும் விடையின் வகையும், அந்தந்த வகையாகவே இருப்பதால், எது மாற்றுகிறது, எது மாற்றுவதில்லை என்பதை அதை மட்டும் பார்த்து அறிய முடியாது. அப்பெண்ட் பழகிய கையோடு ட்ரிம்மை அழைத்து, விடையை எதிலும் வாங்காமல் விட்டுவிட்டேன். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் தடுக்கவில்லை. வாடிக்கையாளர் எண்ணின் இறுதியில் ஒட்டியிருந்த ஓர் இடைவெளியால் தேடல் தவறிக்கொண்டே இருக்க, அந்த வரியைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் ஆயிற்று.

பைத்தானில் பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் மெத்தட் 'நன்' (None, எதுவுமில்லை) என்பதையே தருவதால் அதன்பின் எதையும் கோக்க முடியாது. புதிய பட்டியல் வேண்டுவோர் சார்ட்டட் என்னும் தனிச் செயற்கூற்றை அழைக்க வேண்டும். முன்பு குறையாகத் தோன்றிய இந்த ஏற்பாட்டை இப்போது பெரிதும் மதிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட், இருக்கும் அணியையே மாற்றிவிட்டு அதையே திருப்பியும் தருவதால், நகல் கிடைத்ததாக நம்பி மூலத்தைக் குலைத்தவர்கள் பலர். நகலைத் தரும் டூசார்ட்டட், 2023ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் சேர்ந்தது.

தாய் வகுப்பின் மெத்தட்களைச் சேய் வகுப்பு பெறும் மரபுரிமை நுழையும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அறிக்கையைப் படிப்படியாகக் கட்டும் வகுப்பான பில்டர் ஒன்றில், தாய் வகுப்பின் தலைப்பு மெத்தட் தாய் வகையையே தந்ததால், அதை அழைத்த பிறகு சேய் வகுப்பின் மெத்தட்களைக் கோக்க முடியவில்லை. தாயின் மெத்தட்டைச் சேயில் மறுபடி எழுதி ஓவர்ரைடு செய்யும்போது ரிட்டர்ன் டைப்பைச் சேய் வகையாகச் சுருக்க, 2004இல் வந்த ஜாவா 5 இடமளித்தது. ஆயினும் ஒவ்வொரு சேய் வகுப்பிலும் அத்தனை மெத்தட்களையும் மறுபடி எழுதுவது வீண் உழைப்பு. இறுதியில், சேய் வகையைத் தாய் வகுப்புக்கு அளவுருவாகத் தரும் ஜெனரிக் வழியையே தேர்ந்தேன்.

'நல்' (null, ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாத நிலை) மேல் மெத்தட்டை அழைப்பதால் வரும் பிழையும் ஒருகாலத்தில் வதைத்தது. ஒரே வரியில் ஐந்து அழைப்புகள் இருந்தால் வரி எண் மட்டுமே கிடைக்கும். எந்த அழைப்பு நல்லைத் தந்தது என்பதைச் சொல்லும் செய்தி ஜாவா 14இல் வந்து, 15இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய பின் அந்த அலைச்சல் பெருமளவு தீர்ந்தது.

இன்று, ஆப்ஜெக்டை மாற்றும் மெத்தட்களுக்கு, பில்டர் தவிர, எதையும் திருப்பித் தராததைக் குறிக்கும் வாய்ட் வகையையே ரிட்டர்ன் டைப்பாக வைக்கிறேன். புதியதைத் தருபவற்றுக்கு நாள், நேரம் கையாளும் ஜாவா டைம் தொகுப்பைப் பின்பற்றி 'வித்', 'பிளஸ்' என்று தொடங்கும் பெயர்களை வைக்கிறேன். ஸ்ட்ரிங் மெத்தட்களின் விடையைக் கைவிட்டால் பிழை காட்டும் எரர் ப்ரோன் கருவியையும் நிரலைத் தொகுக்கும் பணியில் சேர்த்துள்ளேன். சேர்த்த அன்றே, கைவிடப்பட்ட வேறொரு ட்ரிம்மை அது காட்டிக்கொடுத்தது.