கப்பலில் அம்மோனியா கசிந்தால்: அலோஹாவா, ஓபன்ஃபோமா?

அம்மோனியாவை எரிபொருளாக வைத்து ஓடப்போகும் ஒரு கப்பலில், மேல்தளத்துக் குழாய் கசிந்தால் வாயு எங்கே போகும் என்று கணக்கிட்டுத் தரும் வேலை போன வருஷம் எனக்கு வந்தது. நீரோடியில் வீட்டிலிருந்தே செய்தேன். பொழியூரைத் தாண்டிக் கொஞ்சம் போனால் விழிஞ்ஞம் துறைமுகம். என் மச்சினனே கப்பல் எஞ்சினில்தான் வேலை பார்க்கிறான். அதனால் இது எனக்கு வெறும் கணக்கு இல்லை.

இதற்கு இரண்டு கணினி நிரல்களில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அலோஹா, கசிந்த வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று சொல்வது; அமெரிக்காவின் கடல், வளிமண்டலத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து இலவசமாகத் தருவது. காற்று ஓடும் விதத்தையே கணக்கிடும் ஓபன்ஃபோமும் இலவசம்தான், ஆகவே காசுப் பேச்சே இல்லை. வேகத்தில் அலோஹாவை அடிக்க முடியாது: நொடிகளில் படம் வந்துவிடும். ஓபன்ஃபோமில் கப்பலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கவே மூன்று நாள். அப்புறம் ஒவ்வொரு காற்றுத் திசைக்கும் ஓர் இரவு.

இருந்தும் ஓபன்ஃபோமைத்தான் எடுத்தேன். மாலுமிகள் தங்கும் அந்த அடுக்குக் கட்டடம் அலோஹாவின் கணக்கிலேயே கிடையாது. திறந்த வெளியில் வாயு காற்றோடு நீளமாகப் போவதாகவே அது வைத்துக்கொள்ளும். கப்பலிலோ காற்று கட்டடத்தில் மோதிப் பிரிந்து, பின்பக்கம் வந்து சுழலும். அந்தச் சுழலில் சிக்கிய வாயு, கசிவை அடைத்த பிறகும் உடனே கலையாது. என் கணக்கில் அது தேங்கிய இடத்தில்தான் ஒரு கதவும், ஏசிக்குக் காற்று இழுக்கும் வாயும் இருந்தன. மச்சினனிடம் படத்தைக் காட்டினேன். "அத்தான், மணி அடிச்சா நாங்க இப்படி ஒரு கதவு வழியாத்தான் வெளிய ஓடுவோம்" என்றான். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு அம்மோனியா இருந்தாலே உயிருக்கு ஆபத்து. காற்று இழுக்கும் வாயை எந்தப் பக்கம் மாற்றலாம் என்று ஓபன்ஃபோமில் வைத்துப் பார்க்க முடிந்தது. அலோஹாவில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

அம்மோனியா காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திரவமாகக் கசிந்தால் சுமார் மைனஸ் 33 டிகிரிக் குளிரில் பனிமூட்டம்போலத் தளத்தோடு ஊரும். இந்தக் கனத்த வாயுக் கணக்கு அலோஹாவுக்கும் தெரியும். என் ஓபன்ஃபோம் கணக்கில் இதுதான் பலவீனமான இடம்: திரவத்துளி ஆவியாவதை நேராகக் கணக்கிடாமல், தொடக்க அளவாகக் கொடுத்துவிட்டேன். அதனால் தேங்கும் இடத்தை நம்புகிறேன். எவ்வளவு வாயு தேங்கும் என்பதை அந்த அளவுக்கு நம்பவில்லை. எஞ்சின் அறைக்குள் நான் செய்து பார்த்ததும் இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய வீடுகளை எவ்வளவு தூரம் காலி செய்வது என்று கேட்டால் அலோஹாவையே எடுப்பேன். அதிலும், வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்த காற்றை அது ஏற்காது. காற்றே அசையாத விடியற்காலைக்கு மறுபடியும் ஓபன்ஃபோம்தான்.