பிளஸ் ஒன்னில் கல்லூரிப் பாடம்: என்பிடெல் பைத்தான் வகுப்பும் அண்ணா நகர் டியூஷன் சென்டரும்

என் மகள் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் குரூப்பில் சேர்ந்த 2025 ஜூன் மாதத்தில், மதுரை அண்ணா நகரில் இயங்கும் ஒரு டியூஷன் சென்டரின் நோட்டீஸைப் பள்ளி வாசலில் கொடுத்தார்கள். "பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம், இப்போதே கிரெடிட்" என்று அதில் அச்சிட்டிருந்தது. என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டம் வழங்கும் பன்னிரண்டு வாரப் பைத்தான் (கணினி நிரல் எழுதும் மொழி) பாடத்துக்கு ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் துணை வகுப்பு நடத்துவதாகவும், கட்டணம் 6,500 ரூபாய் என்றும், தேர்வுக் கட்டணம் தனி என்றும் சொன்னார்கள். அவள் பாடத்தை முடித்து, தேர்வும் எழுதி, முடிவும் வந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். பாடம் வேறு, அதைச் சொல்லித்தரும் சென்டர் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பணம் கட்டியதுதான் நாங்கள் செய்த தவறு.

முதலில் பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். அதன் காணொளிகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பாடத்தில் சேர்வதற்கும் கட்டணம் இல்லை, வயது வரம்பும் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் கட்டியது 1,000 ரூபாய். மகள் எடுத்தது ஐஐடி ரோபரின் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்'. கணினி நிரல் ஒரு வரிகூட எழுதியிராத பிள்ளையையும் மனத்தில் வைத்து அமைத்த பாடம் அது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நம் பிள்ளைகள் பெயரெழுதி விளையாடும் ஃபிளேம்ஸ் ஆட்டத்துக்கும், வீட்டில் உருட்டி விளையாடும் பரமபதத்துக்கும் நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்கள். அவருடைய ஆங்கிலம் நிதானமாகவும் தெளிவாகவும் இருப்பதால், பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த என் மகளுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ்தான் வருகிறது, பைத்தான் வருவது பிளஸ் டூவில். ஆகவே இந்தப் பாடத்தை முடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு பாடத்தின் பெரும் பகுதி முன்பே பழகியதாக இருக்கும்.

இனி அந்த நோட்டீஸில் இருந்த 'கிரெடிட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். படித்து முடித்த பாடத்தைக் கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் கிரெடிட். பெற்றோர் பலரும் அதை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களை எடுத்து, மே மாதம் தேர்வெழுதி, 1 முதல் 5 வரையிலான மதிப்பீட்டில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றால், சேரும் கல்லூரியின் விதியைப் பொறுத்து அதைக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள முடிகிறது. அந்த ஊர் வழக்கத்தை இந்த ஊருக்குப் பெயர்த்துச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. என்பிடெல் சான்றிதழால் அதில் அரை மதிப்பெண்கூட அதிகரிக்காது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையத்தளத்தின் வழியே படிக்கலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-ல் கொண்டுவந்த விதிமுறையும், ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கானது. பள்ளியில் படிக்கும்போது பெற்ற சான்றிதழைப் பின்னால் ஏற்பதா இல்லையா என்பது சேரும் கல்லூரியின் முடிவு. இதைச் சென்டரின் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டபோது, "எல்லாக் காலேஜும் எடுத்துக்குவாங்க மேடம்" என்று சொன்னாரே தவிர, எந்தக் கல்லூரி, எந்த விதி என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதற்காகப் படிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் இதற்கு விடை ஒரு வியாழக்கிழமை காலையில் கிடைத்தது. வாரந்தோறும் தரும் அசைன்மெண்டுக்குப் புதன்கிழமை இரவு 11:59 வரை நேரம் கொடுப்பார்கள். பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை மகள் எழுதி, நிரலைச் சரிபார்க்கத் தளத்தில் வைத்திருக்கும் சோதனைகளில் கண்ணுக்குத் தெரியும் மாதிரிகள் எல்லாம் தேறிவிட்டன என்ற நிம்மதியில் படுத்துவிட்டாள். மறுநாள் பார்த்தால், மறைவாக வைத்திருந்த சோதனைகளில் ஒன்று தவறியிருந்தது. நான் அடுப்பில் இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பல்கூடத் துலக்காமல் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எண்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து, "அம்மா, எல்லா நம்பரும் மைனஸா இருந்தா?" என்று கேட்டாள். மிகப் பெரிய எண் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறாள். பட்டியலில் உள்ளவை யாவும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால், பட்டியலிலேயே இல்லாத பூஜ்யத்தை விடையாகச் சொல்லிவிடுகிறது அந்த நிரல். பட்டியலின் முதல் எண்ணிலிருந்து தொடங்கினால் போதும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நேரம் முடிந்துவிட்டதால் அந்த மதிப்பெண் திரும்பி வராது. ஆனாலும் யாரும் சொல்லாமலே அதைத் திருத்தி எழுதி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினாள். பத்தாண்டுகளாக அவள் வாங்கிவந்த எந்த மதிப்பெண்ணும் எனக்கு இந்த அளவு மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

சென்டரின் மேல் எனக்கு வருத்தம் வந்ததும் இதே அசைன்மெண்ட் விஷயத்தில்தான். அங்கே வகுப்பெடுத்த இளம் ஆசிரியை நல்லவர், திறமையானவர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் எப்படிச் சுற்றுகிறது என்பதை, பிள்ளைகளையே இரண்டு வரிசையாக நிற்கவைத்து நடக்கச்சொல்லி விளக்கினார் என்று மகள் வீட்டில் வந்து நடந்து காட்டினாள். வில்லாபுரத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வந்து, அங்கே பஸ் மாறி அண்ணா நகர் போய்வரும் அலைச்சலுக்கு அந்த மூன்று மணி நேரம் தகும் என்றே முதல் மாதம் நினைத்தோம். ஐந்தாம் வாரத்திலிருந்து, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரத்து அசைன்மெண்டின் விடைகள் வரிசையாக வரத் தொடங்கின. எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அடுத்த ஆண்டு நோட்டீஸில் போட்டுக்கொள்ள முடியும் என்று நிர்வாகம் எண்ணியிருக்கலாம். அது நேர்மையற்ற செயல், என்பிடெல் விதிக்கும் எதிரானது. பிள்ளை தானே தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பறித்துக்கொண்டு, அதற்குக் கட்டணமும் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழாம் வாரத்தோடு மகளை நிறுத்திவிட்டேன். மூன்று முறை நேரில் போய்க் கேட்ட பிறகு 2,000 ரூபாய் மட்டும் திருப்பித் தந்தார்கள். எஞ்சிய ஐந்து வாரங்களை அவள் சனிக்கிழமைகளில் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, தோழி ஒருத்தியுடன் சேர்ந்து தானாகவே படித்தாள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

காலக் கணக்கைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜூலைப் பருவத்தில் தொடங்கும் பன்னிரண்டு வாரப் பாடத்தின் நடுவே செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருகிறது. அந்த இரண்டு வாரமும் மகள் என்பிடெல் பக்கமே போகவில்லை. பன்னிரண்டு அசைன்மெண்டுகளில் சிறந்த எட்டை மட்டும் கணக்கில் எடுப்பதால் அது அவளைப் பாதிக்கவில்லை. ஜனவரிப் பருவம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சற்றும் ஒத்துவராது. மார்ச் மாதப் பொதுத்தேர்வின் மேலேயே அது ஏறி நிற்கும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிடுவதாக அரசு ஆகஸ்டில் அறிவித்தது, எங்களுக்குக் கூடுதல் மூச்சாக அமைந்தது. ஜூலையில் முடிவெடுத்தபோது அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அத்தனை நாள் தயங்கியிருக்க மாட்டோம்.

தேர்வு திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. மூன்று மணி நேரம், 75 மதிப்பெண், அசைன்மெண்டுக்கு 25. தேற வேண்டுமானால் அசைன்மெண்டில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். சுற்றிலும் கல்லூரி அண்ணன்களும் அக்காக்களுமாக இருந்தார்களே என்று வாசலில் நின்ற எனக்குத்தான் படபடப்பு. அவள் வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். மொத்தம் 72 எடுத்து, வெறும் தேர்ச்சிக்கு மேல் எடுப்பவர்களுக்குத் தரும் எலீட் சான்றிதழ் பெற்றாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக் கணக்கிலேயே திணறும் பிள்ளைக்கும், நீட் வகுப்புக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கும் வாரம் ஐந்தாறு மணி நேரம் கூடுதலாகக் கேட்கும் இந்தப் பாடம் சுமையாகிவிடும். பிள்ளையாகக் கேட்டால் சேர்க்கலாம். முதல் இரண்டு வாரக் காணொளிகளைக் காசில்லாமல் பார்க்கவிட்டு, மூன்றாவது வாரத்தைத் தானாகத் திறக்கிறாளா என்று கவனித்த பிறகு தேர்வுக் கட்டணத்தைக் கட்டினால் போதும். இன்னும் மேலே போக விரும்பும் பிள்ளைகளுக்கு 2020-ல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்களே அதன் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்து, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தேறி, பிளஸ் டூ முடித்த பிறகு சேர்ந்துகொள்ளலாம்.

மகள் அடுத்து, சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்தும் எட்டு வாரப் பாடத்தின்மேல் கண் வைத்திருக்கிறாள். பிளஸ் டூ ஆண்டில் பதிவு செய்ய வேண்டாம் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். பழைய காணொளிகள் ஆண்டு முழுவதும் திறந்தே இருப்பதால், மே விடுமுறையில் அசைன்மெண்ட் இல்லாமல் பார்க்கப்போகிறாளாம். இந்த முறை எந்தச் சென்டரிலும் சேர்ப்பதாக இல்லை.